குறைய வேண்டிய பதினாறு கிலோ

என் கணவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சிறுநீரகம் இருந்தது. இரத்த வகை பொருந்தியது. கொடுக்க மனமும் இருந்தது. என் உடம்பின் எடைதான் குறுக்கே நின்றது.

மருத்துவர் இதைச் சொன்ன அன்று நாங்கள் இருவரும் ஓரளவு தெம்பாகத்தான் போயிருந்தோம். கணவருடைய அண்ணன்கள் இருவருக்கும் சர்க்கரை நோய்; அவர்கள் கொடுக்க முடியாது என்று முன்பே தெரிந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிய பேச்சையே அவர் எடுக்க விடவில்லை. இறந்தவர்களின் உறுப்புக்காகப் பதிந்து வைத்திருந்தோம், அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

மருத்துவர் என் வயதுக்காரப் பெண்மணி. என் பரிசோதனை முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா தொண்ணூத்தியோரு கிலோ இருக்கீங்களேம்மா. எழுபத்தஞ்சுக்காவது வந்தாகணும். இந்த உடம்போட ஆபரேஷன் பண்ணா உங்களுக்கு ஆபத்து. பின்னாடி ஒத்தைக் கிட்னிதான் உங்களையும் தாங்கணும்."

"எவ்ளோ நாள்ல குறைக்கணும் டாக்டர்?"

"ஒரு வருஷம்னு வெச்சுக்கோங்க. மாசத்துக்கு ஒரு கிலோ, மிஞ்சினா ஒன்றரை. அதுக்கு மேல அவசரப்படாதீங்க."

வெளியே வந்ததும் என் கணவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். "கல்யாணம் ஆன நாள்லருந்து நான் சொல்லிகினு கீறேன், ஒடம்பக் கொறைம்மேன்னு. கேட்டியா?"

"நீங்க எங்க சொன்னீங்க? ஞாயித்துக்கெழம ஆனா பிரியாணிப் பொட்டலத்தோட வந்து நிப்பீங்க."

"அது வேற, இது வேற" என்றார். நானும் சிரித்தேன். ஒரு வருடம் என்பது அன்று எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பதினாறு கிலோ, அவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன்.

அவர் டிரெய்லர் ஓட்டுநர். காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஓடுகிற வேலை. ஓடுவதைவிட வரிசையில் நிற்பதுதான் அதிகம். வண்டியை விட்டு இறங்கினால் இடம் போய்விடும் என்று தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்குப் போகாமல், கேபினிலேயே தூங்கி எழுவார். முதுகு வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். இரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் பல வருடங்கள் போய்விட்டன. கால் வீங்கி, முகம் வீங்கி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வெளியே வந்த பிறகுதான் மருத்துவமனைக்கே போனோம். அதற்குள் இரண்டு சிறுநீரகங்களும் போயிருந்தன. அன்றிலிருந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.

நான் ராயபுரத்தில் பிறந்து, விம்கோ நகருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒரு கிளை நூலகத்தில் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுவேன். பிறந்த வீட்டில் காசிமேட்டு மீன் இல்லாத நாளே கிடையாது. மீன் குழம்பு இருந்தால் சோறு இரண்டு தட்டு இறங்கும். உடம்பு பெருத்ததற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

அந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டு அடுப்பங்கரையே மாறிப்போனது. அவருக்குக் காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். உப்பு கிடையாது என்றே சொல்லலாம். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. குடிக்கிற தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் அளவுதான். எனக்கு ஒரு கரண்டிச் சோறு, நிறையக் காய், முட்டை, எண்ணெய் ஊற்றாமல் வேகவைத்த மீன். மகளுக்கு மட்டும் தனியாகச் சமைப்பேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். எங்கள் முன்னால் சாப்பிட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவோம். அவருக்குத் தாகம். எனக்குப் பசி. எதைப் பற்றியாவது பேசிக்கொண்டே சாப்பிட்டு முடிப்போம். தாகம் தாங்காதபோது அவர் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டு அடக்கிக்கொள்வார். அது கரைகிறவரை பேச மாட்டார்.

காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி நடப்பேன். ஒரு பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், இன்னொரு பக்கம் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதைப் பொறுத்து மீன் நாற்றமோ, ஏதோ ஓர் ஆலையின் புகையோ வரும். புடவையோடு நடந்து பார்த்தேன், முடியவில்லை. சுடிதார் தைத்துக்கொண்டேன். லாரிகளில் சில ஓட்டுநர்களுக்கு அவரைத் தெரியும். "அண்ணி, அண்ணன் எப்டி கீறாரு?" என்று கேபினிலிருந்து கேட்பார்கள். நல்லா இருக்கார் என்று மூச்சு வாங்கியபடி சொல்லிவிட்டு நடப்பேன்.

முதல் மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. வீடே கொண்டாடியது. மகள் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள். இப்படியே போனால் நான்கு மாதத்தில் முடிந்துவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் மட்டும் சிரிக்கவில்லை. "முதல்ல போறது பெரும்பாலும் தண்ணிதாம்மா. இனிமேதான் மெதுவா போகும், பொறுமையா இருங்க" என்றார்.

அவர் சொன்னதுபோலவே ஆனது. இரண்டாம் மாதம் முழுவதும் நடந்தும் அரைக் கிலோதான். அடுத்த மாதம் ஒன்றுமே இல்லை. அதே சோறு, அதே நடை. எடைக்கருவியில் எண்பத்தாறரை என்ற அதே எண். காலையில் எழுந்ததும் ஏறிப் பார்ப்பேன், குளித்துவிட்டு ஏறிப் பார்ப்பேன், மாலையில் நூலகத்திலிருந்து வந்ததும் பார்ப்பேன். சில நேரம் கூடியிருக்கும். அப்போது யாரிடமும் பேசப் பிடிக்காது. ஒரு நாள் பார்த்தால் எடைக்கருவியைக் காணவில்லை. கணவர் அதைப் பரண் மேல் தூக்கி வைத்திருந்தார்.

"இன்னாத்துக்கு தெனமும் அது மேல ஏறி ஏறி நிக்கிற? வாரத்துக்கு ஒரு தபா பாரு, போதும்."

"எனக்குத் தெரியணும்ல?"

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? ஹார்பர் கேட்டாண்ட லைன்ல நிக்கும்போது, ஹாரன் அட்ச்சா லைன் நகருமா? பேட்டரிதான் போவும். அதுவா நகரும்போது நாம நகரணும்."

சொன்னவர் அந்த வரிசைகளில் நின்றே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். ஆனால் என்னால் பொறுத்திருக்க முடியவில்லை. ஒவ்வொரு முறை டயாலிசிஸ் முடிந்து அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றும்போதும், என் இடுப்பு மடிப்பு என் கையிலேயே தட்டுப்படும். இந்தச் சதைதான், இது இல்லாவிட்டால் இவர் இப்படிக் கிடக்க வேண்டியதில்லை என்று தோன்றும்.

அப்போது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. சின்ன வயதிலிருந்தே தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் உண்டு பழகியவள்தான் நான். அதையே சாக்காக வைத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டை விட்டேன். பிறகு இரவையும் விட்டேன். நூலகத்துக்குக் கொண்டுபோன டப்பாவை அப்படியே திரும்பக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் தெரு நாய்க்குப் போட்டேன். எடை சரசரவென்று இறங்கியது. தலை சுற்றும், கண் இருளும். அதையெல்லாம் நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தர எழுந்தவள், அலமாரியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தேன். நாளிதழ் படிக்க வரும் பெரியவர் ஒருவர்தான் தண்ணீர் தெளித்து உட்கார வைத்து, வீட்டுக்குப் போன் செய்தார். மறுநாள் மருத்துவர் என் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார். முடிவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்னம்மா பண்ணினீங்க? சாப்பிடறதே இல்லையா? ரத்தத்துல கிரியாட்டினின் ஏறி, உங்க கிட்னியே பாதிச்சிருக்கு. நான் வேகமா எளைக்கச் சொன்னேனா?"

தவக்காலப் பட்டினியைச் சொன்னேன்.

"இது திரும்ப சரியாகிடும்னு நம்பறேன். ஆனா உறுதியாகறவரைக்கும் உங்களை டோனரா வெச்சுப் பேசவே முடியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி எல்லா டெஸ்டும் எடுக்கணும். நல்லா சாப்பிடுங்க. ஏறினா ஏறட்டும்."

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் கத்தினார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை.

"எனக்கோசரம்னு சொல்லிகினு நீயும் படுத்துகினா, அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? ரெண்டு பேரையும் அதுவா தூக்கிகினு போவும்?"

கத்திவிட்டு மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்தார். மகள் ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு வயிறு நிறைந்தது. அது ருசியாக இருந்ததுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

மூன்று மாதத்தில் என் பரிசோதனை முடிவுகள் சரியாகிவிட்டன. எடை எண்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை சொன்னபடி சாப்பிட்டேன், சொன்னபடி நடந்தேன். வாரம் ஒருமுறை, ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் முன் மட்டும் எடை பார்த்தேன். கால் கிலோ, இருநூறு கிராம், சில வாரம் ஒன்றுமில்லை. பொறுமை என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். எனக்கு அது பொறுமையாகத் தோன்றவில்லை. வேறு எதையும் செய்ய விடாமல் கையைக் கட்டிப் போட்ட மாதிரிதான் இருந்தது.

டயாலிசிஸ் அறை வாசலில் ஒரு பெரிய எடைமேடை உண்டு. ஊசி குத்தும் முன் அவரை அதில் நிறுத்துவார்கள், முடிந்த பிறகும் நிறுத்துவார்கள். உடம்பில் சேர்ந்த நீர் எவ்வளவு, வெளியே எடுத்தது எவ்வளவு என்று அதை வைத்துத்தான் தெரியும். உள்ளே போகும்போது மூன்று கிலோ கூடியிருப்பார், வெளியே வரும்போது இறங்கியிருப்பார். ஒரு முறை நர்ஸ் இல்லாத நேரம் பார்த்து நான் ஏறி நின்றேன்.

"பார்றா, அரை நாள்ல மூணு கிலோ எறக்கிட்டேன் நான். நீ இன்னா, வருசக்கணக்குல முக்கிகினு கீற?" என்றார் என் கணவர். பக்கத்தில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இறங்கினேன்.

ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் அவருடைய சதை கரைந்துகொண்டிருந்தது. முதலில் எனக்குத் தெரியவில்லை. வீங்கின கால்களை மட்டும் பார்த்துப் பழகிவிட்டேன். ஒரு நாள் அவர் குளித்துவிட்டு வந்தபோது முதுகைத் துடைத்துவிட்டேன். தோள்பட்டை எலும்பு துண்டுக்கு அடியில் தனியாக நகர்ந்தது. ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துத் திரண்டிருந்த புஜங்கள் அவை. என் ரவிக்கைகளை நான் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் அவருடைய சட்டைகளையும் பிடித்துத் தைத்தேன். மெஷினில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றித் தைத்தபோது, எங்கள் இருவரில் யார் முந்துவது என்ற நினைப்பு வந்தது. அதை அப்படியே தள்ளிவிட்டுத் தையலை முடித்தேன்.

அடுத்த வருட மழைக்காலத்தில் நடை நின்றது. தெருவில் முழங்கால் அளவு சாக்கடை கலந்த கலீஜ் தண்ணீர். நெடுஞ்சாலையில் லாரிகள் கிளப்பும் சேற்றுக்கு நடுவில் நடக்க முடியாது. வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். கட்டிலில் படுத்தபடி அவர் பார்த்துக்கொண்டிருப்பார். "ஒக்காரும்மே, எனக்குத் தலை சுத்துது" என்பார். அந்த மாதம் ஒரு கிலோ ஏறியது. அடுத்த மாதம் அது இறங்கியது. மழை விட்டு, பனி வந்து, கிறிஸ்துமஸ் நெருங்கியபோது எழுபத்தாறரையில் இருந்தேன். மறுபடி தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

மருத்துவர் முதல்முறையாகச் சிரித்தார். "வந்துட்டீங்கம்மா, கிட்டத்தட்ட வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம்தான். இப்பவே அவருக்கும் மத்த டெஸ்ட்டெல்லாம் ஆரம்பிச்சுடலாம்."

வீட்டுக்கு வந்து இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்ற பயம். ஆனால் அவர் அன்று மகளை அழைத்து, ஆபரேஷன் முடிந்த பிறகு எத்தனை மாதத்தில் வண்டி ஓட்டலாம் என்று போனில் தேடிப் பார்க்கச் சொன்னார்.

சோதனைகள் தொடங்கும் முன்பே அது நடந்தது. ஒரு ஞாயிறு மதியம். சாப்பிட உட்கார்ந்தவர் முதல் வாய் எடுத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சு உள்ளே போகவில்லை. உதடு கறுத்தது. மகள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். ஒரு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பிழைத்து வெளியே வந்தார். ஆனால் அப்போது எடுத்த எக்கோ பரிசோதனையில் அவருடைய இதயம் பெரிதாகி, பலவீனமாகி இருப்பது தெரிந்தது.

மருத்துவர் என்னை மட்டும் தனியாக அழைத்துச் சொன்னார். "இதயம் பம்ப் பண்ற சக்தி ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. இந்த நிலைமையில மயக்க மருந்து கொடுக்க ஹார்ட் டாக்டர் ஒத்துக்க மாட்டேங்கிறார். டேபிள்லயே ஏதாவது ஆயிடும்னு பயப்படறோம். மருந்து கொடுத்துப் பார்க்கலாம். சில பேருக்கு முன்னேற்றம் வரும்."

"வருமா டாக்டர்?"

"பார்க்கலாம்" என்றார். மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடியும் மூடினார். எனக்குப் புரிந்தது.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வார்டு வாசலில் நின்றேன். அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஒத்துக்கலையா?" என்று அவரே கேட்டார். தலையாட்டினேன். "சரி வுடு" என்றார்.

நான் நடப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் நம்பிக்கை இழந்தது அவருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. எழுந்து, சுடிதாரைப் போட்டுக்கொண்டு, லாரிகளைத் தாண்டி நடந்துவிட்டு வருவேன். அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்தபோது எழுபத்தைந்துக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. இறங்கி மறுபடியும் ஏறிப் பார்த்தேன். அதேதான். கட்டிலில் இருந்தவரிடம் போய், "எழுபத்தஞ்சு வந்துடுச்சுங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "சாதிச்சிட்டம்மே" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னார். பிறகு, "ஒரு டம்ளர் தண்ணி குடேன். ரொப்பிக் குடு" என்றார்.

கூடாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பானையிலிருந்து மொண்டு ததும்பத் ததும்பக் கொண்டுவந்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பாதி குடித்ததும் நிறுத்தினார். "போதும், நெஞ்சு அடைக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். மிச்சத்தை நான் அங்கேயே நின்று குடித்தேன்.

வெயில் தொடங்குவதற்குள் அவர் இறந்துபோனார். டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது இரத்த அழுத்தம் இறங்கியது. காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காலையில் உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்து, "சாவி எட்த்துகினியா?" என்று கேட்டதுதான் கடைசி.

அடக்கத்துக்கு வந்த உறவுக்காரப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ராயபுரத்திலிருந்து வந்த என் பெரியம்மா மகள் என்னை ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறாள். அழுகைக்கு நடுவில் என் தோளைத் தடவி, "இன்னாக்கா இப்டி எளைச்சிட்ட, அடையாளமே தெரியலையே" என்றாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி, "கவலதான், வேற இன்னா" என்றாள். அதற்குப் பிறகு எந்த முயற்சியும் இல்லாமல் எடை தானாகவே இறங்கியது. எழுபது வந்தது, அதற்கும் கீழே போனது. கூட்டவும் குறைக்கவும் எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மருத்துவமனைக்குப் போய், அந்த மருத்துவரைப் பார்ப்பதற்காக நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் உள்ளே போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் நடுவுல பட்டினி கிடந்து கெடுத்துக்காம இருந்திருந்தா, முன்னாடியே எழுபத்தஞ்சுக்கு வந்திருந்தா, அவர் பிழைச்சிருப்பாரா?"

அவர் ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"தெரியாதும்மா. ஆபரேஷன் நடந்திருக்கலாம். அப்பவே அவர் இதயம் அப்படி இருந்திருக்கவும் செய்யலாம். நடந்தும் தோத்திருக்கலாம். உங்களால இல்லைன்னு என்னால சொல்ல முடியும், ஆனா நீங்க நம்ப மாட்டீங்க."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள். மெட்ரோவில் விம்கோ நகர் வந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன். மகள் கல்லூரியிலிருந்து வந்து சோறு வடித்து, சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். உப்பு அதிகம். பசித்தது. இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.